தவறு யார் பக்கம்? பிழைச்செய்திகளும் செட்டிங்ஸ் படிவங்களும்

2020 ஆகஸ்ட் 11 அன்று சிட்டி வங்கியில் வழக்கமான ஒரு வேலை நடந்தது. ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனம் 2016ல் வாங்கியிருந்த கடனுக்கு அந்த வங்கிதான் முகவர். கடன் கொடுத்தவர்களுக்கு வட்டியாக ஏறக்குறைய 78 லட்சம் டாலரைப் பிரித்து அனுப்ப வேண்டும். அசல் வெளியே போகக் கூடாது. ஆனால் வங்கி பயன்படுத்திய ஃபிளெக்ஸ்கியூப் மென்பொருளில் அன்றைய கணக்கு மாற்றத்தைச் செய்ய ஒரு சுற்றுவழிதான் இருந்தது. அசல் முழுவதும் அடைபட்டதாகப் பதிந்து, அந்தத் தொகையை வங்கிக்குள்ளேயே இருக்கும் ஓர் இடைக்கணக்குக்குத் திருப்பிவிட வேண்டும். திரையில் அதற்கு மூன்று கட்டங்கள் இருந்தன: ‘பிரின்சிபல்’, ‘ஃபிரன்ட்’, ‘ஃபண்ட்’. மூன்றையும் தேர்ந்தெடுத்தால்தான் அசல் உள்ளே நிற்கும். பதிவு செய்தவர் முதல் கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து இடைக்கணக்கின் எண்ணை அதில் இட்டார். ‘அசல்’ என்று பெயர் எழுதிய கட்டத்தில் ஒரு கணக்கு எண்ணைக் கொடுத்தால் அசல் அந்தக் கணக்குக்குப் போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

மூன்று பேர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது வங்கியின் விதி. இந்தியாவிலிருந்த ஒப்பந்த நிறுவன ஊழியர்கள் இருவரும் அமெரிக்காவிலிருந்த மேலதிகாரி ஒருவரும் பார்த்தார்கள். மூவருக்கும் சரியாகவே பட்டது. கடைசியில் மென்பொருள் ஓர் எச்சரிக்கையும் காட்டியது: பணம் வங்கியை விட்டு வெளியே போகும், தொடரலாமா? எவ்வளவு பணம் என்று அது சொல்லவில்லை. வட்டி வெளியே போகத்தான் வேண்டும் என்பதால், எல்லாம் சரியாக நடந்திருந்தாலும் இதே எச்சரிக்கை வந்திருக்கும். ‘ஆம்’ என்றார்கள். 89 கோடி டாலருக்கு மேல் அசலும் சேர்ந்து வெளியே போய்விட்டது. திருப்பித் தர மறுத்தவர்களிடம் மட்டும் சுமார் 50 கோடி டாலர் சிக்கியது. அதை மீட்கத் தொடுத்த வழக்கில் 2021 பிப்ரவரியில் சிட்டி தோற்றது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது.

இதை ‘மனிதத் தவறு’ என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் மூன்று பேர், ஒரே திரையை, தனித்தனியாகப் பார்த்து ஒரே மாதிரித் தவறாகப் புரிந்துகொண்டால் தவறு திரையில் இருக்கிறது. பிழைச்செய்தி, எச்சரிக்கை, படிவம், செட்டிங்ஸ் ஆகியவற்றைப் பற்றிக் கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளையும் விபத்துகளையும் தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் இந்த ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. மென்பொருளுக்கும் மனிதருக்கும் இடையே புரிதல் அறுந்துபோகும்போது, அதைச் சரிசெய்யும் வேலை யார் தலையில் விழுகிறது? படிவம் மென்பொருள் கேட்கும் கேள்வி, பிழைச்செய்தி அது சொல்லும் பதில். கேள்வி கோணலாக இருந்துவிட்டால் பதிலை எவ்வளவு அழகாக எழுதினாலும் பயனில்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆரம்ப காலக் கணினிகள் பதில் சொல்வதில் பெரும் கஞ்சர்கள். யூனிக்ஸில் கென் தாம்ப்சன் எழுதிய ‘எட்’ என்ற உரைத்தொகுப்பி, என்ன தவறு நடந்தாலும் ஒரு கேள்விக்குறியை மட்டும் காட்டும். என்ன தவறு என்பதை நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். 1984ல் வந்த மேக்கின்டாஷ் நட்பான கணினி என்று விளம்பரப்படுத்தப்பட்டது. அது நிலைகுலைந்தபோது சூசன் கேர் வரைந்த வெடிகுண்டுப் படமும் ஓர் எண்ணும் வந்தன. டாஸ் இயங்குதளத்தில் நெகிழ்வட்டைச் செருகாமல் விட்டால் நிறுத்தவா, மறுபடி முயலவா, தோல்வி என்று எடுத்துக்கொள்ளவா என்று கேட்கும். முதலுக்கும் மூன்றாவதற்கும் என்ன வேறுபாடு என்பது நிரலாளருக்கு மட்டுமே தெரியும். இவற்றையெல்லாம் பழங்கதையாகச் சொல்லிச் சிரிக்கலாம், தெராக்-25 நினைவுக்கு வராதவரை.

கனடாவில் தயாரான அந்தப் புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியால் 1985க்கும் 1987க்கும் இடையே ஆறு பேர் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் இறந்தார்கள். 1986 மார்ச்சில் டெக்சாஸின் டைலர் நகர மருத்துவமனையில் கருவியை இயக்கியவர் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டிவிட்டு, உடனே மேலே போய்த் திருத்தினார். அவ்வளவு விரைவாகத் திருத்துவார்கள் என்று நிரலை எழுதியவர் எதிர்பார்க்கவில்லை. கதிர் பாய்ந்தது. திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று வந்தது. அந்த எண்ணுக்குப் பயனர் கையேட்டில் விளக்கம் இல்லை. கருவியுடன் இருந்த தாளில் ‘டோஸ் இன்புட் 2’ என்று மட்டும் இருந்தது. கதிர் அளவு அதிகமாகவோ குறைவாகவோ போயிருக்கலாம் என்பதே அதன் பொருள் என்று பின்னர் நிறுவனத் தரப்பில் விளக்கம் வந்தது. உயிர் கொல்லும் அளவும் பயன் தராத அளவும் ஒரே செய்திக்குள். இந்தக் கருவி அன்றாடம் இப்படிப் பல செய்திகளைக் காட்டும், பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. ‘பி’ என்ற விசையைத் தட்டினால் சிகிச்சை தொடரும். இயக்கியவர் தட்டினார். நோயாளிக்கு மீண்டும் ஒரு முறை கதிர் பாய்ந்தது.

நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993ல் எழுதிய தெராக்-25 ஆய்வு இன்றும் பொறியியல் மாணவர்களுக்குப் பாடம். அதிலிருந்து பெரும்பாலானோர் எடுத்துக்கொள்வது நிரலில் இருந்த ஓட்டையை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பொருளற்ற செய்திகள் அந்த ஊழியரை என்னவாக மாற்றியிருந்தன என்பது. அவர் எச்சரிக்கையை மதிக்காதவர் அல்லர். எச்சரிக்கைகளை மதிக்க வேண்டாம் என்று அந்தக் கருவியே மாதக்கணக்கில் அவருக்குப் பாடம் நடத்தியிருந்தது.

இந்தத் துறையின் அடிப்படை விதிகள் புதியவை அல்ல. பென் ஷ்னைடர்மேன் 1982லேயே கணினிச் செய்திகளை எப்படி எழுத வேண்டும் என்று கட்டுரை எழுதினார். ‘சட்டவிரோதம்’, ‘செல்லாது’, ‘கொடும்பிழை’ போன்ற மிரட்டல் சொற்களைக் கைவிடுங்கள், குறிப்பாகச் சொல்லுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள் என்றார். ஜேக்கப் நீல்சன் 1994ல் செம்மைப்படுத்திய இடைமுக வடிவமைப்பு விதிகள் பத்தில் ஒன்று பிழையைத் தடுப்பது, இன்னொன்று பிழையிலிருந்து மீள உதவுவது. பிரிட்டிஷ் அரசின் இணையதள வடிவமைப்புக் கையேடு இன்னும் கறாரானது. ‘தயவுசெய்து’ வேண்டாம், ‘மன்னிக்கவும்’ வேண்டாம், நகைச்சுவை வேண்டாம். பக்கத்தின் மேலே ‘ஒரு சிக்கல் இருக்கிறது’ என்று தலைப்பிட்டு எல்லாப் பிழைகளையும் பட்டியலிடு, ஒவ்வொன்றிலிருந்தும் உரிய கட்டத்துக்குப் போக இணைப்புக் கொடு, கட்டத்தின் அருகிலும் அதே சொற்களில் எழுது என்கிறது. ‘தயவுசெய்து’ ஏன் வேண்டாம்? அது விருப்பம்போல் செய்யலாம் என்ற தோற்றத்தைத் தருகிறது. கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டத்துக்குக் கெஞ்சல் எதற்கு?

விதிகள் இவ்வளவு காலமாகக் கிடைத்தும் ‘ஏதோ தவறு நடந்துவிட்டது’ என்ற வாக்கியம் சாகவில்லை. 2015ல் விண்டோஸ் 10ஐ நிறுவ முயன்ற பலருக்கு மைக்ரோசாஃப்ட் காட்டிய பெட்டியில் தலைப்பு ‘ஏதோ நடந்தது’, உள்ளே விளக்கமும் ‘ஏதோ நடந்தது’. உலகமே சிரித்தது. ஆனால் அந்த வாக்கியம் பிறக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். நிரலின் அடியாழத்தில் ஒரு பகுதிக்கு வட்டில் இடமில்லை என்று தெரியும். அதை அழைத்த பகுதிக்கு ‘கோப்பு எழுதப்படவில்லை’ என்று மட்டும் தெரியும். அதற்கும் மேலே இருப்பதற்கு ‘தோல்வி’ என்று மட்டும். ஒவ்வொரு படியிலும் தகவல் உதிர்ந்து, திரைக்கு வந்து சேரும்போது சொல்வதற்கு எதுவுமே மிஞ்சுவதில்லை. பிறகு நல்ல எழுத்தாளர் ஒருவரை அழைத்து வந்து இந்தச் செய்தியை மேம்படுத்தச் சொல்கிறார்கள். அவர் ‘அச்சச்சோ!’ என்று சேர்ப்பார். வேறு என்ன செய்வார்? நல்ல பிழைச்செய்தி நிரலின் கட்டமைப்பில் தொடங்குகிறது. எழுத்தாளர் மேசைக்கு வரும்போது பாதி வேலை முடிந்திருக்க வேண்டும்.

நிரலாளர்கள் தங்களுக்கென்று வந்தபோது இதை நன்றாகவே செய்து காட்டியிருக்கிறார்கள். எல்ம் என்ற நிரல்மொழியை உருவாக்கிய எவன் சாப்லிக்கி 2015ல் அதன் நிரல்தொகுப்பியின் (கம்பைலர்) பிழைச்செய்திகளைத் திருத்தி எழுதினார். தவறு இருக்கும் வரியை அப்படியே எடுத்துக் காட்டி, எதை எதிர்பார்த்தேன், எது வந்தது, ஒருவேளை இதைத்தான் சொல்ல வந்தீர்களா என்று அது பேசியது. மறு ஆண்டே ரஸ்ட் மொழி அந்த வழியில் வந்தது. பைத்தான் 3.10 வெளியீடு 2021ல் மூடாத அடைப்புக்குறி எங்கே திறந்தது என்று சுட்டத் தொடங்கியது. தொகுப்பிக்குத் தெரிந்த விவரம் கடைசிவரை உதிராமல் வந்து சேர்ந்ததால்தான் இவை முடிந்தன.

பொதுமக்கள் பக்கம் வந்தால், நம் ஊரில் பிழைச்செய்தியின் தரத்தைச் சோதிக்க யுபிஐயைவிட நல்ல இடம் கிடையாது. பணம் அனுப்புவது தோற்றால் அடியில் ஒரு குறியீடு இருக்கும். கணக்கில் பணம் போதவில்லை என்றால் இசட்9, பின் எண் தவறென்றால் இசட்எம், பற்று வைக்கும் கட்டத்தில் நின்றுபோனால் யு30. வங்கிகளுக்கும் தேசியப் பணப்பரிமாற்றக் கழகத்துக்கும் இவை தேவை. காய்கறிக்கடை முன் நிற்பவருக்கு வேண்டியது வேறு. என் கணக்கிலிருந்து பணம் போனதா, போகவில்லையா? கடைக்காரருக்கு வந்ததா? மறுபடி அனுப்பினால் இரண்டு முறை போய்விடுமா? போனது திரும்பி வருமா, எப்போது?

இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை சட்டத்திலேயே இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ஒருவருக்கொருவர் அனுப்பும் யுபிஐ பணம் பற்று வைக்கப்பட்டும் போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியது உறுதியாகாவிட்டால் ஐந்து நாள் கெடு. தாண்டினால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு, அதுவும் வாடிக்கையாளர் கேட்காமலே. ‘பரிவர்த்தனை நிலுவையில்’ என்ற மொட்டை வாக்கியத்துக்குப் பதில், ‘உங்கள் கணக்கிலிருந்து ₹450 எடுக்கப்பட்டுவிட்டது, கடைக்குப் போய்ச் சேரவில்லை. வியாழக்கிழமைக்குள் தானாகத் திரும்பிவிடும். அதுவரை மறுபடி செலுத்த வேண்டாம்’ என்று எழுத என்ன தடை? ஒரு பிழைச்செய்தியில் என்ன நடந்தது, ஏன் நடந்தது, என்ன செய்ய வேண்டும் என்று மூன்றும் இருக்க வேண்டும் என்பது பாடநூல் விதி. பணமும் ஆவணமும் சம்பந்தப்பட்ட இடங்களில் இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து: என்னுடையது இப்போது எங்கே இருக்கிறது? ‘ஏன்’ என்பதைச் சொல்லாமல் விட்டால்கூடப் பலர் பொறுத்துக்கொள்வார்கள். ‘எங்கே’ என்பதை விட்டால் யாரும் பொறுக்கமாட்டார்கள்.

எச்சரிக்கைகளின் கதை தனி. 2005 டிசம்பர் 8 அன்று டோக்கியோ பங்குச்சந்தையில் ஜே-காம் என்ற நிறுவனம் முதல்முறையாகப் பட்டியலானது. மிசுஹோ செக்யூரிட்டீஸ் நிறுவனத்தின் தரகர் 1 பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டியவர், 6,10,000 பங்குகளைத் தலா 1 யென்னுக்கு விற்பதாகப் பதிந்தார். ஜே-காம் வெளியிட்டிருந்த மொத்தப் பங்குகளைப்போல் நாற்பது மடங்குக்கும் மேல் அது. திரையில் எச்சரிக்கை வந்தது. அந்த எச்சரிக்கை அடிக்கடி வருவது என்பதால் தாண்டிப் போனார்கள். ரத்து செய்ய முயன்றபோது சந்தையின் கணினி ஏற்கவில்லை. நட்டம் ஏறக்குறைய 4,000 கோடி யென். பங்குச்சந்தையும் அதில் ஒரு பங்கை ஏற்க வேண்டும் என்று ஜப்பானிய நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது.

2018 ஜனவரி 13 காலை ஹவாயில் ஏவுகணை வருகிறது, ஒளிந்துகொள்ளுங்கள் என்று கைபேசிகள் அலறின. பொய் என்ற அறிவிப்பு வர 38 நிமிடம் ஆயிற்று. எச்சரிக்கை அனுப்பும் ஊழியர் ஒருவர் மென்பொருள் பட்டியலில் தவறான வரியைத் தொட்டுவிட்டார் என்றுதான் முதலில் செய்தி பரவியது. வடிவமைப்பாளர்கள் அந்தப் பட்டியலின் அவலட்சணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் விசாரணையில் வேறொன்று தெரியவந்தது. பயிற்சிக்காக ஒலித்த பதிவிலேயே ‘இது பயிற்சி அல்ல’ என்ற சொற்கள் இருந்தன. ஊழியர் உண்மையான தாக்குதல் என்றே நம்பி அனுப்பினார். ஆக, பட்டியலைக் குறை சொன்னது அவசரம். ஆனால் வடிவமைப்பு முழுக்கத் தப்பிக்கவும் முடியாது. அனுப்பலாமா என்று மென்பொருள் கேட்ட உறுதிக் கேள்வி, சோதனைக்கும் நிஜத்துக்கும் ஒரே வாசகத்தில் இருந்தது. பல லட்சம் பேரின் கைபேசிக்குப் போகப்போகிறது என்று அது சொல்லவில்லை. திரும்பப் பெறுவதற்கான வாசகமும் தயாராக இல்லை.

‘மக்கள் எச்சரிக்கைகளைப் படிப்பதில்லை’ என்பது மென்பொருள் துறையில் வேதவாக்கு போல ஓதப்படுகிறது. தேவதத்த அகாவேயும் ஏட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட்டும் 2013ல் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்தது. குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகளில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைத் தோற்றங்களை அவர்கள் எண்ணினார்கள். பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்ற எச்சரிக்கையை மீறிப் போனவர்கள் குரோமில் 70.2%, ஃபயர்பாக்ஸில் 33%. மனிதர்கள் ஏறக்குறைய அதே மனிதர்கள்தான்; எச்சரிக்கையின் வடிவம், அதைத் தாண்ட எத்தனை முறை தட்ட வேண்டும் என்பது போன்றவை வேறு. தீநிரல், மோசடித் தளம் பற்றிய எச்சரிக்கைகளை ஃபயர்பாக்ஸில் மீறியவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அரிதாக வந்து, உண்மையான ஆபத்தைச் சொன்னால் மக்கள் கேட்கிறார்கள்.

இன்னொரு தீர்வும் உண்டு: கேட்கவே கேட்காமல் இருப்பது. ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று நூறு முறை கேட்பதற்குப் பதில் அழித்துவிட்டு, ‘அழிக்கப்பட்டது. திரும்பக் கொண்டுவர’ என்று ஒரு பொத்தானைக் கொடுப்பது. எச்சரிக்கை வைக்க நினைக்கும் இடத்தில் மீட்பு வையுங்கள் என்று ஏசா ராஸ்கின் 2007ல் எழுதினார். ஜிமெயில் அனுப்பிய மின்னஞ்சலைச் சில நொடிகளுக்குள் திரும்பப் பெறும் வசதியை 2009ல் சோதனையாகவும் 2015ல் எல்லோருக்கும் பொதுவாகவும் தந்தது. உள்ளே நடப்பது எளிய தந்திரம், அஞ்சலை உடனே அனுப்பாமல் சற்று நிறுத்தி வைப்பது. சிட்டி வங்கித் திரைக்கு இது பொருந்தாது, வெளியே போன பணம் போனதுதான். அப்படிப்பட்ட இடங்களுக்கு மட்டும் உறுதிக் கேள்வியைச் சேமித்து வைத்து, அதில் தொகையையும் பெறுபவரையும் பெரிய எழுத்தில் காட்டலாம்.

இனி படிவங்கள். படிவத்தில் வரும் பிழைகளில் பெரும்பகுதி, பயனருக்குத் தெரியாத ஒரு விதியைப் பயனர் மீறிவிட்டதாகச் சொல்வது. கடவுச்சொல்லில் ஒரு சிறப்புக் குறி வேண்டும் என்பதைத் தட்டி முடித்த பிறகு சொல்வது. கைபேசி எண்ணில் இடைவெளி விட்டால் ‘செல்லாத எண்’ என்பது. அந்த இடைவெளியை நீக்கக் கணினிக்கு ஒரு வரி நிரல் போதும். ஆள்சேர்ப்பு விண்ணப்பங்களில் புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்பது. கைபேசியில் எடுத்த படம் அதைப்போல் நூறு மடங்கு இருக்கும். அதைச் சுருக்கித் தருவதையே வேலையாகக் கொண்டு ஊருக்கு ஊர் பிரவுசிங் சென்டர்கள் பிழைக்கின்றன. சர்வரே சுருக்கிக்கொள்ளலாம். செய்யாததால் அந்த வேலை, கட்டணத்தோடு, வேலையில்லாத இளைஞரின் தலையில் விழுகிறது. பிழை வந்ததும் நிரப்பியதையெல்லாம் அழித்துவிட்டு வெற்றுப் படிவத்தை நீட்டும் தளங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரையின் மொழி கெட்டுவிடும்.

பெயர்க்கட்டத்துக்கு வருவோம். தமிழரை இந்தக் கட்டம் படுத்தும் பாடு தனி அத்தியாயம். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. இருப்பது ஒரு பெயரும் தலைப்பெழுத்தும். ‘கடைசிப் பெயர்’ என்ற கட்டத்தின் அருகே சிவப்பு நட்சத்திரம். காலியாக விட்டால் ‘இது கட்டாயம்’ என்ற பிழை. ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் தலைப்பெழுத்தை இடுவார், ஒருவர் அப்பா பெயரை எழுதுவார், ஒருவர் தன் பெயரையே இரண்டு முறை எழுதுவார். நான்கும் படிவத்தைத் தாண்டிவிடும். பிழைச்செய்தி மறைந்துவிட்டது, பிழை தரவுத்தளத்துக்குள் போய்விட்டது. பான் அட்டை விண்ணப்பம் தலைப்பெழுத்தை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். ஆதாரில் தலைப்பெழுத்தோடு இருக்கும். இரண்டையும் இணைக்கும்போது ‘பெயர் பொருந்தவில்லை’. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கமாக ‘எஃப்என்யு’ என்று அச்சாகி, அதுவே அவர்களுடைய பெயராக வங்கியிலும் மின்கட்டண ரசீதிலும் ஏறிவிடுகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாவில் அனுமதிக்க மறுத்தது. மலேசியத் தமிழர்களுக்கு வேறு தொல்லை. அடையாள அட்டையில் ‘மகன்’ என்பதைக் குறிக்கும் ‘ஏ/எல்’ என்பதிலுள்ள சாய்கோட்டைப் பல படிவங்கள் ‘தவறான குறி’ என்று தள்ளிவிடும்.

பேட்ரிக் மெக்கென்சி 2010ல், பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் நம்பும் பொய்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். எல்லோருக்கும் கடைசிப் பெயர் உண்டு என்பது அவற்றில் ஒன்று. இதற்குப் பிழைச்செய்தியை மெருகேற்றித் தீர்வு காண முடியாது. ‘முழுப்பெயர், அடையாள அட்டையில் உள்ளபடி’ என்று ஒரே கட்டமாக வைத்தால் பிழைச்செய்தியே தேவைப்படாது. சரிபார்க்கும் நேரமும் முக்கியம். தட்டத் தொடங்கும் முன்பே கட்டத்தைச் சிவப்பாக்கும் படிவம் எரிச்சலூட்டும். கட்டத்தை முடித்து நகர்ந்த பிறகு சொல்வது பல இடங்களில் உதவும். பிரிட்டிஷ் அரசுக் கையேடோ பொத்தானை அழுத்திய பிறகே சொல் என்கிறது. இதில் ஒருமித்த கருத்து இல்லை. சிவப்பு நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, பிழையை எழுத்திலும் சொல்ல வேண்டும் என்பதில் உண்டு. 2008ல் வந்த இணைய அணுகல் நெறிமுறைகளின் இரண்டாம் பதிப்பு அதை வரையறுத்திருக்கிறது. நிறக்குருடு உள்ளவருக்கும் திரைவாசிப்பானைக் கேட்பவருக்கும் சிவப்புக் கோடு இல்லாததற்குச் சமம்.

ஓர் இடத்தில் மட்டும் தெளிவைக் குறைப்பதில் நியாயம் உண்டு. உள்நுழையும்போது ‘இந்தப் பெயரில் கணக்கே இல்லை’ என்று சொன்னால், யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று திருடன் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்துவிடுவான். அதனால் ‘பயனர்பெயரோ கடவுச்சொல்லோ சரியில்லை’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்கள். பல தளங்களில் அதே மென்பொருள் பதிவுசெய்யும் பக்கத்தில் ‘இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே இருக்கிறது’ என்று உளறிவிடும், அது வேறு விஷயம்.

செட்டிங்ஸ் பக்கம் நட்பான முகத்தோடு வருகிறது. உங்கள் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறது. க்னோம் மேசைத்திரைச் சூழல் திட்டத்தில் இருந்த ஹேவாக் பென்னிங்டன் 2002ல் எழுதிய கட்டுரையில் ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு விலை உண்டு என்றார். ஒவ்வொரு தேர்வும் சோதிக்க வேண்டிய நிலைகளைப் பெருக்குகிறது, தேடும் பக்கத்தை நீட்டுகிறது. பல நேரங்களில் குழுவுக்குள் முடிவெடுக்க முடியாத சண்டையைப் பயனரிடம் தள்ளிவிடும் வழி அது. 2013ல் ஃபயர்பாக்ஸ் 23 வெளிவந்தபோது ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தும் கட்டத்தைச் செட்டிங்ஸ் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். தெரியாமல் அதைத் தொட்டவருக்குப் பாதி இணையம் வேலை செய்யாது. காரணம் அந்தக் கட்டம்தான் என்று எந்தச் செய்தியும் அவரிடம் சொல்லாது. எடுத்தது சரி என்றே நினைக்கிறேன். அதற்காக எல்லாவற்றையும் எடுத்துவிடு என்பவர்களோடு ஒத்துப்போக முடியாது. எழுத்தின் அளவு, மொழி, அறிவிப்புகள், யார் என்னைப் பார்க்கலாம் என்பவற்றில் மனிதர்கள் உண்மையிலேயே வேறுபடுகிறார்கள்.

ஃபேஸ்புக்கின் அந்தரங்கப் பக்கத்தை 2010 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் எண்ணிப் பார்த்தது: 50 அமைப்புகள், 170க்கும் மேற்பட்ட தேர்வுகள். இவ்வளவு சுதந்திரம் கொடுத்தால் யாரும் எதையும் தொடமாட்டார்கள். கூகுளில் ‘இருப்பிட வரலாறு’ என்ற விசையை அணைத்தவர்களின் இருப்பிடமும் வேறொரு அமைப்பின் வழியே பதிவாகிக்கொண்டிருந்தது 2018ல் வெளியே வந்தது. 2022 நவம்பரில் 40 அமெரிக்க மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் தந்து கூகுள் அதை முடித்துக்கொண்டது. சிட்டி வங்கியின் ‘பிரின்சிபல்’ கட்டத்தில் நடந்த அதே கோளாறு, இம்முறை நிறுவனத்துக்கு லாபம் தரும் திசையில். பெயர் ஒன்றைச் சொல்கிறது, விசை வேறொன்றைச் செய்கிறது. சின்ன அளவில் இதை எல்லோரும் பார்த்திருப்போம். ‘அறிவிப்புகளை முடக்கு’ என்று ஒரு விசை. அது பச்சையாக இருந்தால் அறிவிப்பு வருமா, வராதா?

யாரும் தொடாத அமைப்புதான் எல்லோருக்குமான அமைப்பு. எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டீனும் 2003ல் காட்டிய உறுப்புதானக் கணக்கு இதற்குப் பெயர் போனது. விருப்பம் தெரிவித்தால்தான் கொடையாளர் என்ற ஜெர்மனியில் ஒப்புதல் 12%. மறுப்புத் தெரிவிக்காவிட்டால் கொடையாளர் என்ற ஆஸ்திரியாவில் 99.98%. மென்பொருள் நிறுவனங்கள் இந்தப் பாடத்தை நன்றாகவே படித்தன. முன்கூட்டியே டிக் செய்து வைத்த கட்டம் ஒப்புதல் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று பிளானெட்49 வழக்கில் சொல்ல வேண்டி வந்தது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டு விதிமுறை வெளியிட்டது. கேட்காமலே இணையக் கடைக் கூடையில் நன்கொடையைச் சேர்ப்பதும், வேண்டாம் என்பவரைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்கும் வாசகமும் அதில் வருகின்றன. அதே ஆண்டின் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் எதிலும் படிக்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. தமிழில் ஒப்புதல் கேட்பது இனிச் சலுகை அல்ல.

ஆனால் தமிழில் கேட்பது என்றால் ஆங்கில வாக்கியத்தைப் பெயர்த்து வைப்பது அல்ல. பெரும்பாலான மென்பொருள்கள் வாக்கியத்தில் ஓர் ஓட்டை விட்டு அதில் கோப்பின் பெயரையோ ஆளின் பெயரையோ செருகுகின்றன. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்ட வேண்டும். ஓட்டைக்கு வெளியே ‘ஐ’ தனியாகத் தொங்கும், ‘குமார் ஐ நீக்கவா?’ என்று. பெயரை வாக்கியத்துக்கு வெளியே எடுத்துவிட்டால் தொல்லை தீரும்: ‘இந்தத் தொடர்பை நீக்கவா? குமார்’. ‘செல்லுபடியாகாத உள்ளீடு’ என்று அரசாணை நடையில் எழுதுவதைவிட ‘10 இலக்கம் இருக்க வேண்டும், 9தான் இருக்கிறது’ என்பது சிறியதும் தெளிவானதும்.

சென்னையிலோ கோவையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு செயலியை எழுதிக்கொண்டிருக்கும் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மென்பொருள் காட்டக்கூடிய எல்லாப் பிழைச்செய்திகளையும், எச்சரிக்கைகளையும், கட்டங்களின் பெயர்களையும் ஒரே தாளில் இறக்குங்கள். வாடிக்கையாளர் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் ஊழியரை அழைத்து, அவருடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படியுங்கள். எந்த வரிக்கு அதிக அழைப்பு வருகிறது என்று அவருக்குத் தெரியும். அந்த வரியை மாற்றும் அதிகாரத்தையும், அதன் பின்னால் இருக்கும் படிவத்தையே மாற்றச் சொல்லும் அதிகாரத்தையும் அவருக்குக் கொடுங்கள்.